மூணாவது பத்தி

அந்த நாற்காலி வேண்டாம் டீச்சர், கால் ஆடும். இதுல உக்காருங்க. தச்சங்களுக்கு இருபத்திரெண்டு வருஷமா கணக்குப் போட்டுக் குடுத்தவன் வீட்டுல ஒரு நாற்காலி நேரா நிக்கலைன்னு போய்ச் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே மானம் போனது போதும்.

படிச்சேன். அறிவிப்பை நேத்து அனுப்பினீங்க, நேத்தே படிச்சுட்டேன். பதில் போடல. போன் அடிச்சீங்க, பாத்தேன், எடுக்கல. அதுக்காக ரெண்டு பஸ் மாறி வந்து நிப்பீங்கன்னு நினைக்கல. சரி, வந்தாச்சு. பன்னெண்டு மணிக்குப் போட்டாகணுமா? ரம்பக் கம்பெனிக்காரன் குடுத்த கெடு இன்னிக்கா முடியுது? அறுபது நாள் குடுத்தான். அதுல நாப்பது நாள் நாம என்ன கலர்ல எழுத்து போடலாம்னு சண்டை போட்டோம். வெக்கமா இல்ல?

உங்களைச் சொல்லல. பொதுவாச் சொல்றேன். இல்ல, உங்களையும்தான் சொல்றேன்.

அந்தத் தாளைக் குடுங்க. பேனா? நீலமா? டீச்சர்கிட்ட சிவப்புப் பேனா இல்லைன்னா அந்தப் பள்ளிக்கூடம் எப்படி உருப்படும். பரவால்ல, குடுங்க.

முதல் பத்தி. எங்கள் பிதாமகர் அவர்களின் ஆசியுடன். இது யாரு? நானா? ஆசி குடுத்தேனா நான்? எப்ப குடுத்தேன்? நான் உங்ககிட்ட பேசியே மூணு மாசம் ஆச்சு. பிதாமகர்ங்கிறது படத்துல மாலை விழுந்தவனுக்குக் குடுக்கற பட்டம். அடிக்கிறேன். பெரியவர்ங்கிறதையும் அடிக்கிறேன். வயசாச்சுன்னு எனக்கே தெரியும், ஊருக்கெல்லாம் நோட்டீஸ் போட வேண்டாம்.

மிகுந்த உற்சாகத்தோடும் நெகிழ்ச்சியோடும் அறிவிக்கிறோம். யாருக்கு உற்சாகம்? உங்களுக்கு இருக்கா? பேரைப் பறிகொடுத்துட்டு நடுத்தெருவுல நிக்கிறோம், இதுல உற்சாகம். புதிய பயணம், புதிய விடியல், புதிய அத்தியாயம். ஒரே வரியில மூணு புதிய. குமட்டுது டீச்சர். நிஜமாத்தான் சொல்றேன், நேத்து இதைப் படிச்சுட்டு ராத்திரி சாப்பாடு இறங்கல.

இப்படி எழுதுங்க. மரங்கொத்திங்கிற பேரை இனி நாங்க பயன்படுத்தக் கூடாதுன்னு ஆயிடுச்சு. ப்ரோகிராம் அதேதான். புதுப் பேர் இழைப்புளி. உங்க வேலை எதுவும் நிக்காது. அவ்வளவுதான். கையில பசையோட இருக்கிற தச்சன் ஒருத்தன் நிமிந்து பாத்துப் படிச்சுட்டுக் குனிஞ்சுடணும்.

காஞ்சு போயிருக்கா? இருக்கட்டும். செய்தி காஞ்சுதான் இருக்கணும். ஈரம் வேணும்னா சினிமா பாக்கச் சொல்லுங்க.

ரெண்டாவது பத்தி. வரலாறு. ஒரு சிறு பொறியாய்த் தோன்றி. எந்தப் பொறியும் இல்ல. கேளுங்க, சொல்றேன். நீங்க அப்ப வரல, உங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டம்மாவோட தம்பி, என் மச்சான், அவனுக்கு ஒரு மரப்பட்டறை. எட்டடிக்கு நாலடி பலகை வாங்குவான். ஒரு அலமாரிக்கு முப்பது துண்டு வேணும், பெருசு சின்னதா. அந்தத் துண்டையெல்லாம் பலகை மேல எப்படி அடுக்கி வெட்டினா கழிவு கம்மியா வரும்னு அவனுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தோணின இடத்துல கோடு போட்டு அறுப்பான். பட்டறைக்குப் பின்னாடி வெட்டி வீசின துண்டு ஆள் உயரம் கிடக்கும். போய்ப் பாத்தேன். எரிச்சல் வந்துச்சு. எரிச்சல்லதான் எழுதினேன். நான் அப்ப கண்ணாடி ஃபேக்டரியில எலக்ட்ரீசியன், கம்ப்யூட்டர் நானா கத்துக்கிட்டது. நாலு மாசம் ஆச்சு. துண்டோட நீள அகலத்தைக் குடுத்தா எங்க எங்க வெட்டணும்னு படம் போட்டுக் குடுக்கும். அவ்வளவுதான் அது. இன்னிக்கும் அதுதான்.

பேர் வச்சது எங்க வீட்டம்மா. வீட்டுல ஒரு பழைய பிரிண்டர், ஊசி ஊசியாக் குத்தி அச்சடிக்கிற ஜாதி. மச்சானுக்கு வெட்டுப்படம் அடிச்சா அரை மணி நேரம் டக்கு டக்குனு கொத்தும். அந்த மரங்கொத்தியை நிறுத்துங்க, புள்ள தூங்குதுன்னு கத்துவா. அந்தப் பேரையே வச்சேன். யோசிச்சு வச்ச பேர் இல்ல. யோசிச்சு வச்ச பேர் எப்படி இருக்கும்னு நாலாவது பத்தியில பாக்கத்தான் போறோம்.

அப்புறம் அதை எல்லாருக்கும் திறந்து விட்டேன். யார் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், வித்துக்கக்கூடச் செய்யலாம், என்னைக் கேக்கவே வேண்டாம். எழுதியே வச்சிருக்கோமே, ஒவ்வொரு ஃபைல் தலையிலயும். அப்படித்தான், கண்ணாடி வெட்டறதுக்கும் ஆகுமேன்னு கண்ணாடிக்கடைக்காரர் வந்தார், நீங்க வந்தீங்க, ஒல்லி வந்தான். இதை எழுதுங்க. பொறி வேண்டாம், பிரிண்டர் போதும்.

மூணாவதா? வரேன். அதுக்கு வரேன். நாலாவதை முதல்ல முடிச்சுடுவோம், அது சுலபம். எல்லாத்தையும் அடிச்சாப் போதும்.

நாப்பத்திமூணு பேர் சிபாரிசு வந்துச்சுன்னு பெருமையாப் போட்டிருக்கீங்க. அந்தப் பட்டியலை நான் பாத்தேன் டீச்சர். வெட்டுராஜா. பலகைத் தோழன். ஸ்மார்ட் ரம்பம். கட்லி, அது என்னது, புண்ணுக்குப் போடற களிம்பா? ஒருத்தன் என் பேரையே வைக்கணும்னு எழுதியிருக்கான். அவனைக் கண்டுபிடிச்சு வெளியில அனுப்புங்க. கடைசியில இழைப்புளி. யாரு ஓட்டுப் போட்டது இதுக்கு? இழைப்புளி மரத்தைச் சீவும். நம்மது வெட்டறதுக்குக் கணக்குப் போடறது. சீவறதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? தச்சன் எவனாவது கேட்டா என்ன சொல்லுவீங்க? நம்ம வக்கீலம்மா சொன்னாங்களா? சம்பந்தமே இல்லாத பேரா இருந்தாத்தான் யாரும் கேஸ் போட மாட்டான்னா? அப்ப ஊறுகாய்னு வச்சிருக்கலாமே. நல்லா வாயில நிக்கும்.

சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துடும், எனக்கு இப்ப சிரிக்கப் பிடிக்கல.

பறவையும் கூடாதாமே. படிச்சேன் அந்தக் கம்பெனிக்காரன் கடுதாசியை. மரங்கொத்தியோ, மரங்கொத்தியை நினைவூட்டும் வேறு பறவையோ, அலகின் உருவமோ. அலகின் உருவம். ஒரு ஆள் கோட்டு மாட்டிக்கிட்டு ஆபீஸ்ல உக்காந்து அலகுன்னு டைப் அடிச்சிருக்கான். அவனுக்கும் வீட்டுல ஒரு அம்மா இருப்பாங்க, என் பையன் பெரிய வேலையில இருக்கான்னு சொல்லிக்கிட்டு. நம்ம லோகோ போடற தம்பி உடனே பயந்து போய், முக்கோணம் போடலாமா, முக்கோணம் அலகு மாதிரி இருக்குமான்னு மூணு நாள் கேட்டுக்கிட்டு இருந்தான். கடைசியில வட்டம். ஒரு வெறும் வட்டம். இதுக்குப் பதினோரு பேர் குழு.

அப்புறம் நீங்க பண்ணின கூத்து. நீங்கன்னா குழு. பேரைத் தேடு, மாத்துன்னு ஒரே கட்டளையில எல்லா ஃபைலையும் மாத்தி விட்டுட்டீங்க. யாராவது படிச்சுப் பாத்தீங்களா? கையேட்டோட முதல் பக்கத்துல என்ன இருந்துச்சு, நீங்க எழுதினதுதானே? மரங்கொத்தி என்பது மரத்தில் துளையிட்டுப் புழுக்களை உண்ணும் ஒரு பறவை. இப்ப என்ன இருக்குன்னு தெரியுமா? இழைப்புளி என்பது மரத்தில் துளையிட்டுப் புழுக்களை உண்ணும் ஒரு பறவை. மூணு நாளா அப்படியே நிக்குது. ஒருத்தன் கண்ணுலயும் படல. கேஸ் போட்டவன் பாத்தான்னா பறவை இன்னும் இருக்குன்னு இன்னொரு கடுதாசி போடுவான்.

இதாவது சிரிச்சுட்டுப் போகலாம். ஜனங்க சேமிச்சு வச்ச பழைய வெட்டுப்படம் எல்லாம் திறக்க மாட்டேங்குது, தெரியுமா? ஃபைலுக்குள்ள பழைய பேர் இருக்கு, புது ப்ரோகிராம் இது எங்க ஃபைலே இல்லைங்குது. ஒரு ஆள் எழுதியிருக்கான், அலமாரி பாதி வெட்டியாச்சு, மீதிப் பாதிக்குப் படம் வரலன்னு. ஒல்லி பொறுப்புல இருந்திருந்தா இது நடந்திருக்குமா? நான் சும்மா கேக்கறேன். ஒன்பது வருஷம் பாத்துக்கிட்டான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரோட ஃபைலாவது திறக்காமப் போச்சா?

தெரியும். அவன் பேச்சை எடுத்தா நீங்க தாளைப் பாக்கறீங்க.

அஞ்சாவது பத்தி. நன்றி. ரம்பக் கம்பெனியின் பெருந்தன்மைக்கு நன்றி. யம்மா. இதை யார் சேத்தது? வக்கீலம்மாவா? அறுபது நாள் அவகாசம் குடுத்ததுக்கா? டீச்சர், உங்களுக்கு அந்தக் கம்பெனி ஆரம்பிச்ச கதை தெரியுமா? ரெண்டு பசங்க, ஒரு தகரக் கொட்டாய். ரம்ப மெஷின்ல ஒரு திரையை மாட்டி, அதுல நம்ம ப்ரோகிராமைப் போட்டு வித்தாங்க. தப்பே இல்ல. வித்துக்கோன்னுதானே எழுதி வச்சிருக்கோம். இன்னிக்கு இருநூறு பேர் வேலை பாக்கறாங்க, கண்ணாடிக் கட்டடம், வாசல்ல மூணு ஆள் உயரத்துக்கு மரங்கொத்தி சிலை. நான் பஸ்ல போகும்போது பாத்தேன். அலகு நீட்டிக்கிட்டு நிக்குது. அவன் வச்சா அலகு, நாம வச்சா குத்தம்.

பேரைத் தன் பேர்ல பதிவு பண்ணிக்கிட்டான். டிரேட்மார்க். அப்புறம் வளந்தான். வளந்ததும் அவன் மெஷினை வாங்க வர்றவன், வெளியில சும்மாவே கிடைக்குதே மரங்கொத்தின்னு கேட்க ஆரம்பிச்சான். அங்கதான் வலிச்சுது அவனுக்கு. சும்மா கிடைக்கிறதுதான் அசல், நீ வாங்கினது நகல்னு எவனும் சொல்லிடக் கூடாது. அதுக்கு ஒரே வழி, அசலோட பேரை உருவிடறது. அதுக்குப் பெருந்தன்மைன்னு பேர் வச்சு நன்றி சொல்றோம். அடிக்கிறேன். நன்றி வேணும்னா உங்க வீட்டுக்காரருக்குச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமையெல்லாம் உங்களை இந்தக் கையேடு எழுத விட்டாரே, அவருக்கு.

என்னம்மா? இல்ல, ஒண்ணும் இல்ல, பேசிக்கிட்டுதான் இருக்கேன். டீச்சருக்கு டீ போடு. எனக்கு வேண்டாம்.

எங்க வீட்டம்மா ஏன் எட்டிப் பாத்துட்டுப் போறான்னு தெரியுதா? நான் இவ்வளவு பேசி அவ பாத்ததில்ல. ஒரு வருஷத்துக்குப் பேசறதை ஒரே காலையில பேசறேன். உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பாத்துட்டுப் போறா.

மூணாவது. ஆமா. இருக்கு, கையிலதான் இருக்கு.

வாசிக்கறேன். எங்கள் முன்னாள் பொறுப்பாளர், குழுவில் எவரையும் கலந்து கொள்ளாமல், மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பொது மின்னஞ்சலிலிருந்து அந்நிறுவனத்துக்கு எழுத்து மூலம் சம்மதம் அளித்துவிட்டதால், இந்தப் பெயரைக் காக்கும் வாய்ப்பை நாங்கள் இழந்தோம். அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்.

இது உங்க எழுத்து இல்ல. கண்ணாடிக்கடைக்காரர் சொல்லச் சொல்ல எழுதினதா? தெரியுது. உங்க எழுத்துல பொறியெல்லாம் பறக்கும், இது கத்தி மாதிரி இருக்கு.

இது எங்கெங்க வரும்? நம்ம தளத்துல மட்டுமா? ப்ரோகிராமைத் திறந்ததும் முதல் திரையிலயா? எல்லாருக்கும்? ஒரு மாசத்துக்கா?

ஒல்லி எங்க வேலை பாக்கறான்னு தெரியும் உங்களுக்கு. நாற்காலி மேசை பண்ற ஃபேக்டரி, அறுப்பு மெஷின். அங்க மொத்தம் தொண்ணூறு பேர். தினம் காலையில ஷிப்ட் ஏறினதும் நம்ம ப்ரோகிராமைத்தான் திறக்கறாங்க. அவன் கொண்டு போய்ப் போட்டது. இது நான் பண்றதுன்னு அவன் சொல்லிக்கிட்டது இல்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு அங்க ஒரு மரியாதை. நாளைக்குக் காலையில தொண்ணூறு பேரும் திறப்பாங்க. இந்தப் பத்தி இருக்கும். அவன் பக்கத்துல நின்னுக்கிட்டு வாசிப்பாங்க. அவனோட சூப்பர்வைசரும் வாசிப்பான். அந்த மெஷின்ல கையை விட்டுக்கிட்டு நிக்கணும் அவன்.

அழிச்சுடலாமா? ஒரு மாசம் கழிச்சா? நம்ம உலகத்துல எதை அழிச்சிருக்கோம் டீச்சர்? நாம போடற ஒவ்வொண்ணையும் ஆயிரம் பேர் அப்படியே எடுத்து வச்சுக்கறான். அதுக்குத்தானே திறந்து வச்சோம். அவனுக்குப் பேரன் பிறந்து, அவன் தேடினாலும் இது வரும்.

உங்க மேல கோவம் இல்ல. இருக்கு, ஆனா அது வேற.

அந்தக் கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. திரையில பதினோரு கட்டம், பதினோரு மூஞ்சி, மரியாதைக்குக் குழுவுல வச்சிருக்கிற என் மூஞ்சியும் சேத்து. ஒல்லின்னு பேரு, அவன் மட்டும் கட்டத்துல அடங்காம ஒரு தோள் வெளியில நிக்கும். அவங்க வக்கீல் அனுப்பின தாளை வக்கீலம்மா திரையில போட்டாங்க. அந்தப் பசங்க மூணு வருஷம் முன்னாடி நம்ம பெட்டிக்கு எழுதின மெயில். நாங்க செய்யற மெஷினுக்கு உங்க ப்ரோகிராமோட பேரையே வச்சுப் பதிவு பண்ணிக்கலாமான்னு கேட்டிருக்காங்க. கீழ நம்ம பதில். ஒரே வார்த்தை. தாராளமா. கையெழுத்து இல்ல, பேர் இல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில பதினொண்ணு நாப்பது.

ஒல்லி அதையே பாத்துக்கிட்டு இருந்தான். நான் எழுதலன்னான். அந்த நேரம் நான் மெஷின்ல நிப்பேன், போன் லாக்கர்ல இருக்கும்னான். கண்ணாடிக்கடைக்காரர் என்ன சொன்னார்? மெயில் பெட்டிக்குச் சாவி, அந்தப் பாஸ்வேர்டு, உன்கிட்டதானே இருக்கு, பேய் வந்தா எழுதிச்சுன்னார். சிரிச்சீங்க ரெண்டு மூணு பேர். அப்புறம் அவர் ஆரம்பிச்சார். பெரியவர் ரத்தத்தைக் குடுத்துக் கட்டினதை ஒரே வார்த்தையில தாரை வாத்துட்டியே, நீ இனி அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்னார். எல்லாரும் என் கட்டத்தைப் பாத்தீங்க. பாவம் இந்த மனுஷன்னு பாத்தீங்க. நீங்க கண்ணைத் தொடச்சுக்கிட்டீங்க, நான் பாத்தேன்.

ஒல்லியும் என் கட்டத்தைப் பாத்தான். கொஞ்ச நேரம். அப்புறம் சரின்னான். உங்க இஷ்டம், முடிவு பண்ணுங்கன்னான்.

அதைத்தான் எல்லாரும் ஒத்துக்கிட்டான்னு எடுத்துக்கிட்டீங்க.

ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டைப் பூட்டறீங்க. சாவி ஒண்ணுதான் செஞ்சு வச்சிருப்பீங்களா? பெட்டிக்குச் சாவி ரெண்டு டீச்சர். ஒன்பது வருஷம் முன்னாடி எல்லாத்தையும் ஒல்லிகிட்ட ஒப்படைச்சுட்டேன், இனி எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எழுதினேனே, ஆஹா எப்பேர்ப்பட்ட மனசுன்னு நூறு பேர் பதில் போட்டாங்களே, அன்னிக்கே ஒரு சாவியை நான் வச்சுக்கிட்டேன். அவன்தான் சொன்னான், ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும் ஐயான்னு. அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வீட்டைக் குடுத்துட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாக்கற புத்தி எனக்கு. தினம் காலையில பெட்டியைத் திறந்து படிப்பேன். பதில் போட மாட்டேன். எப்பவாவது போடுவேன்.

அன்னிக்குப் போட்டேன். இதோ இந்த மேசையிலதான். ஃப்ரிட்ஜை நகத்தணும் வாங்கன்னு எங்க வீட்டம்மா கூப்பிட்டா. எழுந்து நின்னுக்கிட்டே அடிச்சேன். தாராளமான்னு. ரெண்டு பசங்க எதையோ கேக்கறாங்க, குடுத்தாப் போச்சு. இருபத்திரெண்டு வருஷமா என்கிட்ட எவன் எதைக் கேட்டாலும் அதுதானே பதில். ப்ரோகிராமை எடுத்துக்கறேன், தாராளமா. மாத்திக்கறேன், தாராளமா. பேர் வேற, ப்ரோகிராம் வேறன்னு எனக்குத் தோணவே இல்ல. எழுதினதைக் குடுத்தா எத்தனை பேருக்குக் குடுத்தாலும் நம்மகிட்ட அப்படியே இருக்கும். பேரைக் குடுத்தா நம்மகிட்ட இருக்காது. இது எனக்கு அந்தத் தாளைத் திரையில பாத்தப்பதான் உறைச்சுது. அதுவரைக்கும் அப்படி ஒண்ணு எழுதினதே ஞாபகம் இல்ல.

இல்ல டீச்சர், அவனைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லல. ஃப்ரிட்ஜ் வந்த தேதிக்குப் பில் இருக்கு, அந்த அலமாரியில. வேணும்னா எடுத்துத் தரேன். அதெல்லாம் எதுக்கு? ஒல்லி தான் எழுதலன்னு அவனுக்குத் தெரியும். சாவி ரெண்டே ரெண்டுன்னும் தெரியும். அப்ப எழுதினது யாருன்னு தெரியாதா அவனுக்கு? ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஐயாகிட்டயும் ஒரு சாவி இருக்குன்னு. அத்தனை பேரும் சேந்து காறித் துப்பினீங்க, சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. எனக்கு போன் பண்ணி ஏன் ஐயா இப்படிப் பண்ணினீங்கன்னும் கேக்கல. பண்ணியிருந்தா எடுத்திருக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும்.

அவனைப் பாத்துக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். நான்தான்னு சொல்லணும். வாயைத் திறந்தேன். என் மைக் மூடியிருந்துச்சு. திறக்க ஒரு பொத்தான். கண்ணாடிக்கடைக்காரர் அப்ப ரத்தம், வேர்வைன்னு சொல்லிக்கிட்டு இருந்தார். கேட்கறதுக்கு நல்லா இருந்துச்சு டீச்சர். அசிங்கம். நல்லா இருந்துச்சு. அவர் முடிக்கட்டும்னு இருந்தேன். முடிச்சார். உடனே ஓட்டுன்னுட்டீங்க.

டீயைக் குடிங்க, ஆறுது.

மூணாவது பத்தியை நான் சொல்றேன், எழுதுங்க. தாராளமான்னு பதில் எழுதியது நான். ஒல்லி எழுதவில்லை. அவருக்கு அது அப்போது தெரியவே தெரியாது. தெரிந்த பிறகும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என் பேரைக் கீழ போடுங்க, முழுப் பேரும். இதை முதல் பத்தி ஆக்குங்க. இழைப்புளி, வட்டம், அதெல்லாம் அப்புறம் வரட்டும், யாருக்கு அவசரம்.

வருத்தத்தோடுன்னு சேக்க வேண்டாம். அழகு பண்ணாதீங்க.

கண்ணாடிக்கடைக்காரரா? கத்துவார். கத்தட்டும். அவர்கிட்ட நான் பேசிக்கறேன். போன் எடுக்கறேன், எடுக்கறேன்.

இன்னும் ஒரு வரி இருக்கு. அவனை நீக்கறதுக்கு ஓட்டு எடுத்தப்ப திரையில மஞ்சக் கைப் படம் ஒண்ணு ஒண்ணா மேல வந்துச்சே, நீங்கதான் எண்ணிச் சொன்னீங்க, ஒன்பதுன்னு. எட்டு உடனே வந்துச்சு. ஒன்பதாவது கொஞ்சம் லேட்டா வந்துச்சு, ஞாபகம் இருக்கா? நீங்ககூட வேற யாராவதுன்னு கேட்டுட்டுக் காத்துக்கிட்டு இருந்தீங்க. அது என்னுது. அதையும் எழுதிக்கோங்க.